குத்துது, சித்தி

செப்டம்பர் 2, திங்கள்

முதல் நாள் வேலை. குடை, மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை எல்லாம் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு டப்பாவை மட்டும் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டேன். மத்தியானம் குழந்தைகளுக்குக் கொடுத்த ஆப்பிளில் மிஞ்சியதைத் தின்றேன்.

பள்ளி கால்வே நகருக்கு வெளியே, பேருந்தில் நாற்பது நிமிடம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பதினாறு பேர். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஐரிஷ் மொழி மட்டும்தான். தலைமை ஆசிரியை பிரீட், அறுபது வயது, ஆண் பிள்ளை மாதிரி நடை. நான் உதவி ஆசிரியை. டிசம்பர் வரை தகுதிகாண் காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம்.

வீட்டில் இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆறு வருஷமா இந்த ஊர்ல டிரைவிங் லைசென்ஸ் வாங்கத் துப்பில்ல. ஐரிஷ்காரங்க பிள்ளைக்கு ஐரிஷ் சொல்லிக்குடுக்கப் போறாளாம் மாயவரத்துக்காரி!" சிரிக்கட்டும். மூன்று வருடம் நூலக வகுப்பில் உட்கார்ந்து படித்தேன். பரீட்சை எழுதினேன். வேறு யாரும் எனக்கு வேலை கொடுக்காத ஊரில் இந்த மொழிதான் கொடுத்திருக்கிறது. பள்ளி விதிமுறைப் புத்தகம் பன்னிரண்டு பக்கம். மூன்று தடவை படித்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜெபசெல்வி அக்காவின் மகள் இன்று சேர்ந்தாள். பெயர் ஷெரின், நாலு வயது. அக்காவை ஆகஸ்டில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கைப்பேசியில் யாரிடமோ நாகர்கோவில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், காதுக்குத் தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நான் இந்தப் பள்ளியில் சேரப் போகிறேன் என்றதும் அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

"அக்கா, அங்க இங்கிலீஷ்கூடப் பேச மாட்டாங்க. ஐரிஷ்தான்" என்றேன்.

"இருக்கட்டும். பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் தெரியாது. நீங்க இருக்கிய இல்லா. ஒண்ணுக்கு வருது, பசிக்குதுன்னு தமிழ்ல சொன்னா கேக்க ஒரு ஆள் இருந்தா போதும். மக்களே, இது யாரு தெரியுமா? சித்தி!"

இன்று காலை ஷெரின் ஜிகினா வைத்த மஞ்சள் கவுனில் வந்தாள். பன்னிரண்டு டிகிரிக் குளிரில் கையில்லாத கவுன்! மற்ற குழந்தைகளின் அம்மாக்கள் நிற்கிறார்கள், பிரீட் நிற்கிறாள். "சித்தி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் குனிந்து, ஐரிஷில் வணக்கம் சொல்லி, என் பெயர் குமுதா என்று சொன்னேன். விதி விதிதானே.

செப்டம்பர் 10, செவ்வாய்

பேருந்து தாமதம். ஷெரின் நாள் முழுக்க என் பின்னாலேயே வந்தாள். நானும் நாள் முழுக்க ஐரிஷே பேசினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மூன்று வாரமாகியும் ஷெரின் வாயைத் திறக்கவில்லை. ஐரிஷில், என்று எழுத வேண்டும். தமிழில் ஏதேதோ என்னிடம் வந்து சொல்கிறாள். அந்த மாதிரி நேரத்தில் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "நீ ஹிகிம்." எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். மொழியை முழுக்க அதிலேயே மூழ்கவைத்துக் கற்பிக்கிற முறையில் இது அவசியம். குழந்தைக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டால் அது வழியாகவே ஓடிவிடும். புது மொழிக்குள் வராது.

பிரீட்டுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். "உன் உச்சரிப்பு என் தம்பி மனைவியுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றாள். வீட்டுக்கு வந்து இவரிடம் நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை காதைப் பொத்திக்கொண்டார்.

அக்டோபர் 12, சனி

குளிர் இறங்கிவிட்டது. தேவாலய மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை. அங்கே ஒரு கம்பளிச் சட்டை கிடைத்தது. ஆரன் தீவுகளில் பின்னுகிற தினுசு, பாலேட்டு நிறம், நெஞ்சில் கயிறு முறுக்கினாற்போல் வேலைப்பாடு. அசல் ஆட்டு ரோமம். நாலு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஷெரினுக்கு வாங்கிவிட்டேன்.

நவம்பரில் 'உடைகள்' பாடம் வரும். கல்வித் துறையிலிருந்து ஆய்வாளரும் அப்போதுதான் வருகிறாராம். எல்லாப் பிள்ளைகளும் இந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்க, ஒருத்தி மட்டும் ஜிகினாவோடு நிற்க வேண்டாம் என்று தோன்றியது. குளிரும்தான் காரணம். முக்கியமாகக் குளிர்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

அக்கா கைப்பேசியில் கூப்பிட்டுத் தழுதழுத்தாள். "எங்க அம்மைகூட இவ்வளவு பாத்து வாங்கியிருக்க மாட்டா. நாளையிலேர்ந்து அதத்தான் போட்டு விடுவேன். சித்தி வாங்கிக் குடுத்தது, போடலேன்னா சித்தி விசனப்படுவான்னு சொல்லி வச்சிருக்கேன்."

மனசு நிறைந்துபோயிற்று. ரசம் வைத்து அப்பளம் பொரித்துச் சாப்பிட்டோம்.

நவம்பர் 5, செவ்வாய்

உடைகள் பாடம் தொடங்கிவிட்டது. என் யோசனைக்கு பிரீட் கைதட்டினாள்! வகுப்பறைக்குக் குறுக்கே இரண்டு கயிறு கட்டினேன், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில். பச்சைக் கயிறு பிடித்ததற்கு, சிவப்புக் கயிறு பிடிக்காததற்கு. ஒரு பெட்டி நிறையத் துணி. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றை எடுத்து, "இஸ் மா லொம்", எனக்குப் பிடிக்கும், என்று சொல்லிப் பச்சையில் மாட்டிக் கிளிப் போட வேண்டும். "நீ மா லொம்", எனக்குப் பிடிக்காது, என்றால் சிவப்பில். அடுத்த கட்டம் "இஸ் ஃபார் லொம்": இதைவிட அதுதான் பிடிக்கும்.

பிடிக்காது என்று சொல்வதில் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! தொப்பி பிடிக்காது, பூட்ஸ் பிடிக்காது, அப்பாவின் கால்சட்டை பிடிக்காது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எடுத்த பாவாடை பிடிக்கவில்லை என்று நான் ஒருதடவை சொன்னேன். அம்மா விட்ட அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தவர் கண் எதிரே உடுத்திக்கொண்டு சிரித்தபடி நிற்க வேண்டும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. இங்கே பிடிக்காது என்று சொல்வதையே பாடமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஷெரின் ஒன்றையும் மாட்டவில்லை. இரண்டு கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 7, வியாழன்

பேசிவிட்டாள்! ஷெரின் பேசிவிட்டாள்!

கூடி உட்கார்ந்திருந்த நேரம். தானாக எழுந்து என் முன்னால் வந்து நின்று, நெஞ்சுப் பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "நீ மா லொம் அன் கியான்ஸி" என்றாள். எனக்குக் கம்பளிச் சட்டை பிடிக்காது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வாக்கியம், முழு வாக்கியம், ஒரு பிசிறு இல்லை. நான் "மா ஹூ!" என்று கத்தியேவிட்டேன். சபாஷ் என்று அர்த்தம். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். பிரீட் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். அவள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னாள். கையில் நட்சத்திரம் ஒட்டினேன்.

பிறகு வெளியே விளையாடப் போனோம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஷெரின் தினமும் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து தடவை. தொப்பி, கோட்டு என்று மாற்றிச் சொல்லவைக்க வேண்டும். கழுத்துப் பக்கம் சொறிந்துகொள்கிறாள், குளிரில் தோல் வறண்டிருக்கும். வீட்டில் மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

ஆய்வாளர் வந்தார். நல்லவிதமாக முடிந்தது.

நல்லவிதமாக என்று சும்மா எழுதினால் போதாது. அமோகம்! கயிறு விளையாட்டைப் பார்த்தார். ஷெரின் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்து, "உனக்கு இந்தக் கம்பளிச் சட்டை பிடிக்குமா?" என்று ஐரிஷில் கேட்டார். "நீ மா லொம் அன் கியான்ஸி." "அப்படியா! வேறு எது பிடிக்கும்?" "இஸ் ஃபார் லொம் அன் கூனா ப்வீ." மஞ்சள் கவுன்தான் பிடிக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டையும் சேர்த்துவிட்டாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டே, "இந்தியாவிலிருந்து வந்த குழந்தை, பள்ளியில் சேர்ந்து பத்தே வாரமா!" என்றார். பிரீட் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதன் பிறகு நடைபாதையில் ஷெரின் என்னிடம் ஏதோ சொன்னாள். ஆய்வாளர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

வரும் வழியில் கேக் வாங்கி வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

நேற்றும் இன்றும் ஷெரின் வரவில்லை. காய்ச்சலாம்.

நவம்பர் 23, சனி

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். இவர் கொண்டுபோய் விட்டார்.

குழந்தையின் கையில் ஊசி செருகி, கட்டுப் போட்டு, சொட்டு சொட்டாக மருந்து இறங்குகிறது. கழுத்து, தோள், இரண்டு கை மடிப்பு எல்லாம் புண். ஆட்டு ரோமம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறிவிட்டது. இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அக்கா பத்து நாளாக இரவு வேலையில் இருந்திருக்கிறாள். குளிப்பாட்டுவது அவள் வீட்டுக்காரர். "அப்பா, அரிக்குதுன்னு சொல்லிருக்கா. அந்த மனுசன் தேங்காய் எண்ணெயத் தேச்சுத் தேச்சு விட்டிருக்காரு. நான் ஒரு நர்ஸ். ஊரார் பிள்ளைக்கெல்லாம் புண்ணு துடைக்கேன், எம் பிள்ளை முதுக நான் பாக்கல பாத்தியளா." அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இவ சொல்லுதா, ஸ்கூல்ல சித்திட்ட சொன்னேன், தமிழ்லயே சொன்னேன், சித்தி கேக்கலன்னு. பிள்ளை உங்ககிட்ட சொல்லிச்சா?"

ஷெரின் படுத்தபடி என்னையே பார்த்தாள்.

"இல்லையே அக்கா" என்றேன். "அவ எங்கிட்ட தமிழே பேசுறது இல்லையே."

நவம்பர் 24, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

அக்டோபர் பதினாறாம் தேதி, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாளே சொன்னாள். "குத்துது, சித்தி." நான் "நீ ஹிகிம்" என்றேன். மறுநாளும் சொன்னாள். அந்த வாரமே "எரியுது, சித்தி, கழட்டணும்" என்று அழுதாள். நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்து, ஐரிஷில் கொஞ்சி, "நீ ஹிகிம்" என்றேன். அவளிடம் வேறு வழி இல்லை. நான் கொடுத்த வழியில் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு வந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாள். நான் நட்சத்திரம் ஒட்டினேன்.

ஒருநாள் அவளே சட்டையைக் கழற்றி, சிவப்புக் கயிற்றில் தொங்கவிட்டு, கிளிப் போட்டு, மெல்லிய பனியனோடு பக்கத்தில் நின்றாள். என்ன அழகு என்று படம் எடுத்தேன். அப்புறம் சட்டையை எடுத்து அவள் தலை வழியாக மறுபடி மாட்டிவிட்டேன். வெளியே குளிர் என்று சொன்னேன், அதையும் ஐரிஷில்தான். அவள் கையை மடக்கிக்கொண்டு விடவில்லை. நான் இழுத்து மாட்டினேன்.

ஆய்வாளர் வந்த அன்று நடைபாதையில் சொன்னது இது: "ஒழுங்கா சொன்னேன் இல்லா? இப்பம் கழட்டுவியா சித்தி?"

அதற்கும் நான் "நீ ஹிகிம்" என்றேன்.

எனக்குப் புரியவில்லையாம். மாயவரத்தில் பிறந்து இருபத்தைந்து வருடம் தமிழைத் தவிர வேறொன்றும் பேசாத எனக்கு.

நவம்பர் 28, வியாழன்

ஷெரின் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். திங்கட்கிழமையிலிருந்து வருவாள் என்று அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள். கூடவே இன்னொன்றும்: "கள்ளம் சொல்லுத பழக்கம் எங்கேயிருந்து வந்துதோ தெரியல. சித்திட்ட சொன்னேன்னு இன்னும் சாதிக்கா. ராத்திரி ஜெபத்துல, ஏசப்பா கள்ளம் சொன்னத மன்னியும்னு சொல்ல வைக்கேன். நீங்க மனசுல வைக்காதிய."

இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் கிண்டல் செய்கிற மனிதர். "அந்தப் பொண்ணு நிஜமாவே சொல்லலையா?" என்றார்.

"சட்டினியில உப்பு சரியா இருக்கான்னு பாருங்க" என்றேன்.

டிசம்பர் 2, திங்கள்

ஷெரின் வந்தாள். பருத்திச் சட்டை இரண்டு, மேலே மழைக்கோட்டு. கழுத்தில் இன்னும் சிவப்புத் தழும்பு. அக்கா வேலைச் சீருடையில் வாசலிலேயே நின்று, அவள் தோளில் கை வைத்தாள். "சித்திட்ட சொல்லு மக்களே. என்ன சொல்லணும்னு சொன்னேன்?"

ஷெரின் தரையைப் பார்த்தாள். தமிழில் சொல்லவில்லை. போன மாதம் பொம்மையைப் பிடுங்கிய பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஐரிஷ் மன்னிப்பைச் சொன்னாள். "தா ப்ரோன் ஒரம்." மன்னித்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னதற்காக. சொல்லாத பொய்க்காக!

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். அக்கா முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பிரீட் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், பேருந்து வந்துகொண்டிருந்தது, அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் சாக்கு.

"பரவால்லக்கா" என்று அக்காவிடம் சொல்லி, ஷெரின் கன்னத்தைத் தட்டினேன். நான்! அவளை மன்னித்தேன்! என்ன ஜன்மம் நான்.

டிசம்பர் 3, செவ்வாய்

மாவு பொங்கவில்லை. உப்புமா.

டிசம்பர் 5, வியாழன்

பிரீட் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேசைமேல் கடிதம், நிரந்தரம் ஆக்கிய கடிதம். ஆய்வாளர் அறிக்கையில் இரண்டு இடத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாராம். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள்.

பேனாவை வாங்கவில்லை. சொல்லிவிட்டேன். ஐரிஷில்தான் சொன்னேன், தட்டுத்தடுமாறி. மூன்று வருடம் படித்தும் இதைச் சொல்ல வார்த்தை பத்தவில்லை. கடைசியில், "விதியை மீறக் கூடாது என்று நினைத்தேன்" என்றேன்.

பிரீட் அலமாரியிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, நாலாம் பக்கத்தைத் திறந்து வைத்தாள். குழந்தைக்கு வலி, பயம், அழுகை என்றால் அதற்குத் தெரிந்த எந்த மொழியிலும் பேசுக.

"இதை நீ படிக்கவில்லையா?"

படித்திருந்தேன். மூன்று தடவை.

"அந்தக் குழந்தைக்கு நீ தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன், குமுதா. அதற்காகத்தான் அவளை உன் பக்கத்திலேயே உட்காரவைத்தேன்" என்றாள்.

விதிக்காகச் செய்யவில்லை. வாசலில் அந்த ஜிகினாக் கவுனும் "சித்தி" என்ற கூப்பாடும் என்னை இழுத்துக்கொண்டுபோய் இவர்கள் எல்லார் முன்னாலும் வெளியூர்க்காரியாக நிறுத்திவிடும் என்று பயந்தேன். அதுதான் நிஜம். இந்த வேலையில் நான் இந்த ஊர்க்காரி. அவளோடு தமிழ் பேசினால் மறுபடி வேலை கிடைக்காத மாயவரத்துக்காரி.

"குழந்தையின் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கடிதத்தை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினாள். "முதலில் அங்கே போ. அப்புறம் பேசலாம்."

அந்த வேலை எனக்கு இன்னும் வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் அதுவும் பொய்.

டிசம்பர் 7, சனி

காலை பத்து மணிக்குப் போனேன். நான் மட்டும் போனேன். இவரிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று இருந்தேன், திட்டவில்லை. "கூட வரவா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்கா வீட்டில் புட்டு மணம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஷெரின் தரையில் உட்கார்ந்து பொம்மைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சூடு இருக்கிறதல்லவா, மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

"வாங்க வாங்க, வாறேன்னு ஒரு வார்த்தை சொன்னா பழம் வாங்கி வச்சிருப்பேன் இல்லா. உக்காருங்க, புட்டு எடுத்துட்டு வாறேன்."

"அக்கா, சாப்பிட வரல. ஷெரின் பொய் சொல்லல. எங்கிட்ட சொன்னா. குத்துதுன்னு சொன்னா, எரியுதுன்னு சொன்னா, கழட்டணும்னு சொன்னா. எல்லாம் தமிழ்லதான் சொன்னா. நான் புரியாத மாதிரி இருந்துட்டேன். ஆஸ்பத்திரில நீங்க கேட்டப்ப பொய் சொன்னது நான்."

மூச்சு விடாமல் சொல்லிமுடித்தேன். அக்கா கையில் தட்டோடு நின்றாள். என்ன சொல்கிறேன் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எத்தனை நாளு?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"ஒரு மாசம்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஏன் அந்த ஸ்கூல்ல சேத்தேன்? சொல்லுங்க. ஐரிஷ் படிச்சு எம் பிள்ளை என்ன கலெக்டராவா ஆகப் போவுது? நீங்க இருக்கிய, அது சொன்னா கேப்பியன்னுதானே சேத்தேன். வழியில போற ஒரு வெள்ளைக்காரிட்ட விட்டிருந்தாகூட, பிள்ளை அழுததப் பாத்து அந்தச் சட்டையக் கழட்டிருப்பா!"

ஷெரின் எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைய நான் முழங்கால்ல நிக்க வச்சேன். தெரியுமா உங்களுக்கு? ஏழு நாளு. புண்ணு ஆறாத பிள்ளை. நான் சொன்னேம்மா, நான் சொன்னேம்மான்னு அழுதுக்கிட்டே, கள்ளம் சொன்னத மன்னியும்னு ஜெபம் பண்ணிச்சு. ஆண்டவருட்ட எம் பிள்ளைய கள்ளம் சொல்ல வச்சிட்டேனே."

அவள் ஷெரினிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மக்களே, நீ சொன்னது நெசம். நீ சித்திட்ட சொன்ன. அம்மைதான் நம்பல. அம்மைய மன்னிச்சிரு, என்ன?"

ஷெரின் பொம்மையின் ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன். செப்டம்பரிலிருந்து அவளிடம் சொல்லாத மொழியில் சொன்னேன். "கண்ணு, நீ சொன்னது எல்லாம் எனக்குப் புரிஞ்சுது. முதல் நாளே புரிஞ்சுது. நான் கேக்கல. தப்பு என்மேலதான்."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். என் வாயிலிருந்து தனக்காகத் தமிழ் வருவதை இந்த மூன்று மாதத்தில் இப்போதுதான் கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள், அங்கே அது அவளைப் பொய்க்காரி ஆக்கிய தமிழ். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து வந்து, வகுப்பில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, ஐரிஷில் சொன்னாள்:

"நீ மா லொம் ஹூ."

எனக்கு உன்னைப் பிடிக்காது.

அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடத்தில் சட்டை, தொப்பி, கோட்டுதான். 'உன்னை' என்ற சொல்லை அவளே எங்கிருந்தோ பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். ஒரு பிழை இல்லை. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, "மா ஹூ!" என்ற சபாஷ். வெட்கக்கேடு, வந்தே விட்டது. விழுங்கினேன்.

"என்ன சொல்லுதா?" என்று அக்கா கேட்டாள்.

"என்னைப் பிடிக்கலையாம்" என்றேன்.

அக்கா அவளை அதட்டவில்லை. மரியாதையாகப் பேசு என்று சொல்லவில்லை.

ஷெரின் இன்னும் என் முன்னாலேயே நின்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றேன். "கேட்டுது."